நெஞ்சிலே நீர், வல்லையிலே காற்று

எனக்கு வந்த வருத்தத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் எங்கள் ஊரார். அவர்கள் வைத்த பெயர் வாய்வு. யாழ்ப்பாணத்தில் கழுத்துக்குக் கீழே எங்கே நொந்தாலும் அது வாய்வுதான். அதற்குமேல் விசாரணை கிடையாது. இடப்பக்க விலாவில் ஊசி குத்துவது போல வலி, மூச்சை இழுத்தால் கூடுகிறது என்று நான் சொன்னதும் மாமனார் உள்ளிப்பூண்டு என்றார், பக்கத்து வளவுக்காரர் பெருங்காயம் என்றார், எங்கள் தலைமை உபாத்தியாயர் சுக்கு, எங்கள் பேச்சில் வேர்க்கொம்பு, என்றார். மூன்றையும் தின்றேன். உண்மையிலேயே வாய்வாக இருந்திருந்தால் அது அன்றைக்கே கடல் தாண்டி ஓடியிருக்கும். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது சுகமாகிவிட்டேன். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் களைத்துவிட்டது; மூச்சும் முன்போல் நீளமில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். விலா நோகிற வேறு யாராவது உள்ளி உரிக்கத் தொடங்குமுன் இதைப் படித்தால் நல்லது.

நான் உடுவிலில் இருப்பவன். சைவப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறேன். வருத்தம் வந்த வருஷம் தை மாதத்தில்தான் சைக்கிள் வாங்கினேன். பள்ளிக்கூடம் போய்வர என்று சொல்லித்தான் வாங்கினேன். வீட்டில் அதை நம்பினார்கள். நானும் ஒரு கிழமை நம்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூசைப்பிள்ளை வந்து வாசல் படலையடியில் மணி அடித்தார். பட்டினத்துக் கரையூரில் தையற்கடை வைத்திருப்பவர், என் கோட்டுகளைத் தைத்ததில் சிநேகிதர் ஆனவர். விடியற் பூசை கண்டுவிட்டு நேரே கோயிலிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார்.

"சட்டம்பியார், காத்து நல்லாயிருக்கு. பருத்தித்துறை மட்டும் ஒருக்காப் போய்ப் பாப்பமே?"

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அந்த வருஷம் முழுவதும் விடவில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் பருத்தித்துறைக்குப் போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது நெஞ்சிலே கை வைத்து நிறுத்தும். ஆனையிறவுக்குப் போனோம். வெயில் குறைந்த ஒரு விடுமுறையில் மாங்குளம் காட்டு றோட்டில் போய், ஆனை லத்தியைக் கண்டதும் வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பினோம். மடியில் தின்னப் புழுக்கொடியலும் பனங்கட்டியும் இருக்கும். ரியூப் வெடித்தால் சூசைப்பிள்ளை தையற்காரரல்லவா, ஒட்டுப் போடுவது அவர் வேலை. நான் பக்கத்தில் நின்று உபாத்தியாயர் போல அபிப்பிராயம் சொல்லுவேன்.

வீட்டில் பூரணம், என் மனைவி, தனியாக இருப்பாள். எங்களுக்குக் கலியாணமாகி அப்போது அதிக காலமில்லை. "எங்கை போறியள்?" என்பாள். "உப்பிடியே ஒரு சுத்து" என்பேன். "எப்ப வருவியள்?" என்பாள். "வருவன்" என்பேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சம்பாஷணை அவ்வளவுதான்.

கார்த்திகை மாதத்தில் கடைசியாகப் பருத்தித்துறை போனபோது விலா வலி வந்து சில நாளாகியிருந்தது. வாய்வுக்கு ஓட்டம் நல்லது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சால்வையை விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் வல்லை வெளியில் மழை பிடித்தது. வல்லை வெளியை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒதுங்க ஒரு மரமில்லை. இரண்டு பக்கமும் உப்புத் தரவை, மேலே வானம், நடுவிலே நாங்கள். என்னால் மூச்சு எடுக்க முடியவில்லை. காய்ச்சலில் பற்கள் அடித்துக்கொண்டன. சூசைப்பிள்ளை ஒரு கையால் தன் சைக்கிளைப் பிடித்து, மறு கையை என் முதுகில் வைத்து, வெளி முடியுமட்டும் தள்ளிக்கொண்டே வந்தார். வழி நெடுக மாதாவைக் கூப்பிட்டபடி வந்தார். எனக்கு அந்த நேரம் எந்தச் சாமியையும் கூப்பிட மூச்சு இல்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூடார வண்டிலில் மிஷன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீண்ட விறாந்தையில் வாங்குப் பலகைகள் போட்டு, வருத்தக்காரரையும் அவரோடு வந்த சனத்தையும் கலந்து இருத்தியிருந்தார்கள். யார் வருத்தக்காரர் என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. டாக்குத்தர் என் முதுகில் ஒரு விரலை வைத்து மற்ற விரலால் தட்டினார், சந்தையில் பலாப்பழம் தட்டிப் பார்ப்பது போல. வலப்பக்கம் தட்டியபோது வெறும் பெட்டிச் சத்தம் கேட்டது. இடப்பக்கம், தண்ணீர் நிறைந்த குடத்தின் சத்தம்.

"என்ன சாப்பிட்டனீர்?"

"உள்ளி, பெருங்காயம், வேர்க்கொம்பு."

"ரசம் வைக்கலாம்" என்றார் டாக்குத்தர். "உமக்கு நெஞ்சிலை நீர் கட்டியிருக்கு."

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரண்டு மடிப்பு உறை இருக்கிறது. மூச்சு விடும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதற்காக நடுவில் சிறிது ஈரம் மட்டும் இருக்கும். அந்த உறை அழன்றால் முதலில் இரண்டும் உராய்ந்து ஊசி குத்துகிற வலி வரும். பிறகு நடுவிலே நீர் ஊறும். ஊற ஊற நுரையீரல் மூலையில் ஒதுங்கிப்போகும். அன்றைக்கே என்னைக் கதிரையின் சாய்மானத்தைக் கட்டிப்பிடித்தபடி மறுபக்கமாக இருத்தி, முதுகில் தடித்த ஊசியொன்றைக் குத்தி நீரை இறக்கினார். கொத்தமல்லி அவித்த தண்ணீரின் நிறம். அவ்வளவு தண்ணீரைச் சுமந்துகொண்டா நான் வல்லையைத் தாண்டினேன் என்று இருந்தது.

நீர் ஏன் கட்டியது என்பதுதான் கேள்வி. குளிரினாலும் கட்டலாம், சயரோகத்தினாலும் கட்டலாம். சயம் என்ற சொல்லை டாக்குத்தர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னாலும் உரக்கத்தான் கேட்கும். சயமென்றால் பிள்ளைகளிடையே நின்று படிப்பிக்க முடியாது, வீட்டில் வேறு கோப்பை, வேறு பாய். சளியைப் பட்டினத்துக்கு அனுப்பிப் பூதக்கண்ணாடியில் கிருமி பார்க்க வேண்டும், ஒரு தரமல்ல, பல தரம் பார்க்க வேண்டும் என்றார்.

"நான் திரும்பச் சைக்கிள் ஓடலாமோ?" என்று கேட்டேன்.

"முதல் கட்டிலிலை எழும்பி இரும். பிறகு சைக்கிளைப் பற்றிக் கதைப்பம்."

நான் அதைக் கேட்டபோது பூரணம் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். உயிரைப் பற்றிக் கேட்காமல் சைக்கிளைப் பற்றிக் கேட்ட என்னை அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். காய்ச்சல்காரன் பேச்சு என்று நினைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

என் பக்கத்துக் கட்டிலில் வல்வெட்டித்துறைத் தண்டையல் ஒருவர் கால் முறிந்து கிடந்தார். பாய்க்கப்பல் ஓட்டிக் கடலெல்லாம் திரிந்தவர் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்திருந்தார். அதைப் பற்றி யாரும் சிரிக்கக்கூடாது, அவர் மட்டும் சிரிக்கலாம். நான் காற்றுக்கு எதிராகப் பருத்தித்துறையிலிருந்து மிதித்து வந்த கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"தம்பி, காத்து எதிர்த்தால் நாங்கள் நங்கூரம் போட்டிட்டுப் படுப்பம். படிச்ச நீங்கள் மிதிக்கிறியள்!"

எனக்குத் தினமும் மீனெண்ணெய் தரச் சொல்லியிருந்தார் டாக்குத்தர். பரம்பரையாக மச்ச மாமிசம் தொடாத வீடு எங்களுடையது. தாதி மிசியம்மா கரண்டியோடு வந்து நின்றதும் நான் பூரணத்தைப் பார்த்தேன். அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "மருந்தெண்டால் அது சைவந்தான். வாயைத் திறவுங்கோ" என்றாள். தண்டையல் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார். அடுத்த நாள் தன் வீட்டிலிருந்து வந்த சொதியில் மீனை ஒதுக்கிவிட்டு, "தம்பி, இதுவும் மருந்தெண்டு நினைச்சு ஒரு வாய்" என்று நீட்டினார். நான் மறுத்துவிட்டேன். மணம் நல்லாய்த்தான் இருந்தது.

சளியை அனுப்பிய நாள் பின்னேரம் பூரணம் வந்து கட்டிலோரம் முக்காலியில் இருந்தாள். இருவருக்கும் ஒரே பயம். அதைப் பேசாமல் இருக்க வேறு பேச்சு எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அவள், "வல்லை வெளி எப்பிடியிருக்கும்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நினைத்தேன், அவள் சுன்னாகம் சந்தைக்கும், ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கும் அப்பால் எங்கேயும் போனதில்லை. வருஷம் முழுவதும் ஊர் சுற்றிய நான் ஒரு இடத்தைப் பற்றியும் அவளுக்குச் சொன்னதுமில்லை. சொல்லத் தொடங்கினேன். அதிகம் கதைக்கக்கூடாது என்று கட்டளை. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு றோட்டு என்று வைத்துக்கொண்டோம்.

அச்சுவேலிப் பக்கம் புகையிலைக் குடில்களிலிருந்து தேங்காய்ப் பொச்சுப் புகை றோட்டுக்குக் குறுக்கே படுத்துக் கிடப்பதைச் சொன்னேன். அதற்குள் புகுந்து வெளியே வந்தால் சட்டையெல்லாம் சுருட்டு மணக்கும். தொண்டைமானாற்றடியில் உப்புக்காற்று முகத்தில் பிசுபிசுக்கும். நாக்கால் உதட்டை நக்கினால் கறிக்கு உப்புப் பார்த்தது போலிருக்கும். ஆனையிறவில் நிலவு இல்லாத நேரத்திலும் உப்புக் குவியல்கள் வெளுத்துத் தெரியும். மாங்குளம் காட்டில் சத்தமே இல்லை, சங்கிலி உருளுகிற சத்தம் மட்டும் கேட்கும். நிறுத்தினால் அதுவும் போய்விடும், பிறகு பயம் வரும். சொல்லச் சொல்ல எனக்குக் கால் இரண்டும் போர்வைக்குள் அசைந்தன. கட்டிலில் கிடந்தபடியே நான் அந்த றோட்டுகளுக்காக ஏங்கினேன். மனிதர் சோற்றுக்கு ஏங்குவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு முகத்தில் காற்று வேண்டியிருந்தது.

பூரணம் தாடையில் கை வைத்துக் கேட்பாள். சில இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்பாள்: "அந்தக் காட்டிலை தண்ணி விடாய்ச்சால் என்ன செய்வியள்?" ஆனால் கதை வளர வளர அவள் முகம் வாடிக்கொண்டே போனது. றோட்டு அழகாக இருந்தால் இன்னும் கூடுதலாக வாடியது. வருகிற சளிச்சோதனையைப் பற்றிய பயம் என்று நினைத்தேன். நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். சாமத்தில் யாராவது இருமினால் அது நானா என்று விழித்துப் பார்ப்பேன்.

கடைசிச் சோதனையிலும் கிருமி இல்லை என்று வந்தது. டாக்குத்தரே வந்து சொன்னார். தண்டையல் கட்டிலில் இருந்தபடியே கைதட்டினார். பூரணம் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அடுத்த நாளும் அழுதாள். அதற்கடுத்த நாள் என்னை முதன்முதலாக விறாந்தையில் நடக்க விட்டார்கள். விறாந்தை முடிவில் வேப்பமரத்தடிக்கு வந்ததும் பூரணம் என் கையை விட்டுவிட்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ. நான் ஒரு வேலை செய்துபோட்டன்."

"என்ன?"

"உங்களுக்குக் காய்ச்சல் ஏறி அறிவில்லாமல் கிடக்கேக்கை நான் எங்கடை பிள்ளையார் கோயிலுக்கு ஓடினனான். உங்களைச் சுகமாக்கித் தந்தால் சைக்கிளைத் தாறன் எண்டு நேர்ந்துபோட்டன்."

எங்கள் பக்கத்தில் நேர்த்தி என்றால் விளையாட்டல்ல. சேவல் நேர்ந்தால் சேவல் போகவேண்டும். பசுக்கன்று நேர்ந்தால், வீட்டுப் பிள்ளைகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாலும் கன்று போகவேண்டும். கோயில் முன்றிலில் ஏலம் போட்டு யாரோ ஒருவர் கொண்டுபோவார். கடனை வைத்துக்கொண்டால் வருத்தம் திரும்பி வரும் என்பது ஊர் நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் நான் இவற்றைப் பற்றி வாய் கிழியப் பேசுவேன். வேப்பமரத்தடியில், முதுகில் ஊசி குத்திய இடம் இன்னும் ஆறாமல் நிற்கும்போது அந்தப் பேச்சு வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. உலகத்தில் நேர வேறு பொருளே கிடைக்கவில்லையா? வீட்டில் மாடு நின்றது, தென்னை நின்றது, மாமனாரின் நாற்சார வீட்டில் ஒரு அறை நிறைய வெண்கலம் இருந்தது. கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அவள் கொண்டுவந்த இடியப்பத்தை அன்று நான் தொடவில்லை.

வீட்டுக்கு விடுமுன் டாக்குத்தர் மறுபடி முதுகைத் தட்டினார். நீர் வற்றிவிட்டது. ஆனால் நனைந்த சேலை சுவரில் ஒட்டிக் காய்ந்தால் போல, இடப்பக்க நுரையீரலின் அடிப்பாகம் விலாவோடு ஒட்டிப் போயிருந்தது. இனி முழுவதும் விரியாது.

"பள்ளிக்கூடத்துக்கு ஓடலாம், மெல்ல. பருத்தித்துறை, மாங்குளம் எல்லாம் விட்டிடும். வல்லைக் காத்தை எதிர்க்க உமக்கு மூச்சுக் காணாது."

சுகம் என்று சொல்லித் தந்த பொருள் இவ்வளவுதானா என்று மனம் உடைந்துபோனேன். அந்தக் கசப்போடு பூரணத்திடம், "குடுத்துவிடும். உந்தச் சைக்கிள் இனி எனக்கென்னத்துக்கு? பிள்ளையார் எங்கையாவது ஓடட்டும்" என்றேன்.

அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "நான் நேர்ந்தது உங்களிட்டை இருந்து பறிக்கவல்ல" என்றாள். "வல்லையைப் பற்றிக் கேட்டாப் பிறகு எனக்கு நித்திரையில்லை. என்னத்தைக் குடுத்தனான் எண்டு அப்பதான் தெரிஞ்சுது. அது வீட்டிலை நிக்கவேணும்."

"அப்ப நேர்த்தி?"

இந்த இடத்தில்தான் சூசைப்பிள்ளை வந்து சேர்ந்தார், கையில் தோடம்பழங்களோடு. விஷயத்தைக் கேட்டார். தையற்காரருக்கு எந்தத் துணியும் வெட்டலாம் என்ற தைரியம் உண்டு.

"உதுக்கேன் இவ்வளவு யோசினை? எங்கடை மாதா கோயிலிலை கால் சுகமானவை வெள்ளியிலை கால் செய்து வைக்கினம். உங்கடை கோயிலிலும் வெள்ளிக் கண் தொங்குதெல்லே? வெள்ளியிலை ஒரு சைக்கிள் செய்தால் என்ன?"

பூரணம் நம்பவில்லை. சாமியை ஏய்க்கிற வேலை என்று பயந்தாள். வீட்டுக்கு விட்டதும் என்னையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு கோயில் ஐயரிடம் போனாள். ஐயர் பூநூலைச் சரிசெய்தபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, கண்ணைத் தாறன் எண்டு நேர்ந்தவை கண்ணைத் தோண்டியே கொண்டு வருகினம்?" என்றார். "வெள்ளியிலை கொண்டு வா. வெளிப்பிரகாரத்திலை எலி ஒண்டு நிக்குது, பிள்ளையாருக்கு ஏறி ஓட அது காணும். சைக்கிள் பழக இந்த வயசிலை அவருக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது."

சின்ன வயதில் அவள் போட்டிருந்த வெள்ளிப் பாதசரம் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை நகை செய்யும் பத்தரிடம் உருக்கக் கொடுத்தாள். பத்தருக்குத்தான் அவஸ்தை. "காப்புச் செய், சங்கிலி செய் எண்டால் செய்வன். இது வண்டில்தானே எண்டு நினைச்சால் கம்பி கம்பியாய் வருகுது" என்று புறுபுறுத்துக்கொண்டு, எங்கள் வீட்டு விறாந்தையில் என் சைக்கிளின் முன் சப்பாணி கட்டி இருந்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். பூரணம் அவருக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள்: சில்லுகள் சுற்றவேண்டும். சுற்றாத சில்லு வைத்தால் அது பொய்யாகிவிடும் என்றாள். பத்தர் இரண்டு முறை செய்து கொண்டுவந்தார்; இரண்டு முறையும் அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேர்த்தியைத் தீர்த்தோம். உள்ளங்கையளவு சைக்கிள். ஹாண்டில், மிதி, ஆசனம் எல்லாம் இருந்தன. மணி மட்டும் பத்தருக்கு எட்டவில்லை. தட்டத்தில் வெற்றிலைக்கு மேல் வைத்து ஐயரிடம் கொடுக்குமுன் பூரணம் முன்சில்லை விரலால் ஒருமுறை சுண்டினாள். கொஞ்ச நேரம் ஓடி நின்றது. ஐயர் அதை உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளையாரின் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். வெளிச்சத்தில் அது மினுங்கியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தச் சாமிமேல் பொறாமை வந்தது.

இப்போது நான் பள்ளிக்கூடத்துக்கு மெல்ல மிதித்துப் போய் மெல்ல மிதித்து வருகிறேன். மூச்சு மூன்றாம் சந்தியில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தும். சூசைப்பிள்ளை ஞாயிறுகளில் தனியே ஓடிவிட்டு, திரும்பும் வழியில் வந்து காற்று எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார். சோளகம் பிறந்துவிட்டது. பனைகள் வடகிழக்கே சாய்ந்து நிற்பதைக் கண்டால், இன்றைக்குப் பருத்தித்துறைக்கு மிதிக்கவே வேண்டாம், இருந்தால் போதும் என்று கால் நினைக்கிறது. அந்த நினைப்பு போவதாக இல்லை. போகவேண்டும் என்று நான் நேரவுமில்லை.

நேர்த்தி தீர்த்த அன்று கோயிலிலிருந்து திரும்பி வரும்போதுதான், இவ்வளவு நாளும் மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"பூரணம், மாடு இருந்தது, தென்னை இருந்தது. ஏன் சைக்கிளை நேர்ந்தனீர்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தாள்.

"பெரிய வருத்தத்துக்குப் பெரிய பொருளைத்தானே குடுக்கவேணும். எனக்குப் பெரிசு நீங்கள். உங்களைக் குடுத்துப்போட்டு நான் என்ன செய்யிறது? அதாலைதான் உங்களுக்கு எது பெரிசெண்டு பாத்தன்."

"எனக்குச் சைக்கிள்தான் பெரிசெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஞாயிற்றுக்கிழமையள் சொன்னது" என்றாள்.

கோயில் வீதியில் சனம் நிறைந்திருந்தது. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே அவளுடைய கையைப் பிடித்திருப்பேன்.